ஏபிஎஸ் விளக்கும் வழுக்கும் கார் படமும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓட்டலாமா?

கேள்வி கேட்டவர் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வந்திருக்கிறார். வழியில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் மீட்டரில் 'ஏபிஎஸ்' (ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) எழுத்தும், பின்னால் வளைந்த கோடுகள் போட்ட கார் படமும் மஞ்சளில் எரியத் தொடங்கிவிட்டன. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, நாளைக்குக் குடும்பத்தோடு சேலம் போகலாமா என்கிறார்.

உள்ளூரில் மெக்கானிக் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போகலாம். சேலத்துக்கு இப்படியே போக வேண்டாம். நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மெக்கானிக் கடைக்குக்கூட ஓட்டாதீர்கள், அவரை வண்டி நிற்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.

நான் தருமபுரிக்காரன். எனக்கும் இதே இரண்டு விளக்கும் ஒன்றாக எரிந்தன, பென்னாகரம் பக்கம் மழைக்காலத்தில் ஒரு மண் ரோட்டில் போய்த் திரும்பியபோது. முதலில் காட்டிய பட்டறையில் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். மனது கேட்கவில்லை. ஊரில் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி இடது சக்கரத்து சென்சார்ல சிக்னல் வரல சார்" என்றார். சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கறுப்பு வயர், பிடித்து நிறுத்தும் கிளிப் உடைந்து தொங்கி, டயர் ஓரத்தில் உரசி உரசி மேல்தோல் போய் உள்ளே செம்பு தெரிந்தது. அதன் மேல் காய்ந்த செம்மண். சென்சாரை வயரோடு மாற்றி, புது கிளிப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டியதும் இரண்டு விளக்கும் தானாக அணைந்தன.

ஒரு வயருக்கு இரண்டு விளக்கு எப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான்கு சக்கரமும் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதை நான்கு சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். நாம் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் சுற்றாமல் பூட்டிக்கொண்டால், ஏபிஎஸ் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை நொடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். காலில் தடதடவென்று தெரியும். ட்ராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும் அதே சென்சார்கள்தான் கண்; வழுக்கும் கார் படம் அதன் விளக்குதான். ஈர ரோட்டில் ஒரு சக்கரம் சும்மா சுற்றினால், இஞ்சின் இழுவையைக் குறைத்து, அந்தச் சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தும். ஒரு கண் மறைந்தால் இரண்டுமே வேலையை நிறுத்திக்கொள்ளும். மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி இருந்தால், சில வண்டிகளில் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் மூன்று விளக்கு எரிந்தால் மூன்று பழுது என்று பயப்பட வேண்டியதில்லை. சென்சார் முனையில் சேறு, தேய்ந்த வீல் பேரிங், பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்ச், பேட்டரி மின்சாரம் இறங்குவது, இதில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். யூனிட்டை மாற்றச் சொன்னால், எந்தச் சக்கரம், ஸ்கேனரில் என்ன கோடு (பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்) என்று கேளுங்கள். கடைகளில் கிடைக்கும் மலிவான ஸ்கேனர் பல, இஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ் கோடு படிக்கிற ஸ்கேனர் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஏபிஎஸ் மட்டும் போயிருந்தால் சாதாரண பிரேக் அப்படியே இருக்கும். ஆனால் மழையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேராகவே போகும். இடைவெளி விட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும்.

சிவப்பு வேறு கதை. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு அது. முதலில் ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியும் எரிந்தால் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால், பிரேக் பேட் தேய்ந்திருக்க வேண்டும் அல்லது எங்கோ கசிய வேண்டும். ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கையில் கிடைத்த இஞ்சின் ஆயிலை அதில் ஊற்றவே கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் பிரேக்கே கெட்டுவிடும். ஆயில் அளவு சரியாக இருந்தும் சிவப்பும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து எரிந்தால், முன் பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பங்கிடும் ஏற்பாடும் போயிருக்கலாம். பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழன்றுவிடும்.

தொப்பூரை ஏன் சொல்கிறேன் என்றால், தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் நீளமான இறக்கம். பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் சூடு ஏறும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை இழுத்துப் பழசானால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சு மாதிரி அடி வரைக்கும் போகும், வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றச் சொல்வது. கணவாயில் கியரைக் குறைத்து இஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் அந்தப் பிடிமானம் போய்விடும். ஒருவேளை பெடல் அடியில் போனால், விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 எண்ணுக்கு அழைக்கலாம்.

இன்னொன்று. வழுக்கும் கார் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது பழுது அல்ல, ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் அந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். படத்தோடு 'ஆஃப்' என்று காட்டினால் யாரோ சுவிட்சை அமுக்கியிருப்பார்கள். மாந்தோப்புச் சேற்றில் சக்கரம் புதைந்தால் சிலர் வேண்டுமென்றே அணைப்பார்கள், சக்கரம் சுற்றினால்தான் வெளியே வர முடியும் என்பதால். ரோட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

நாளைக் காலை இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். எல்லா விளக்கும் எரிந்து, ஏபிஎஸ் சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் பழுதுதான். ஒழுங்காக அணைந்தாலும், பள்ளத்தில் இறங்கிய அந்தச் சக்கரத்தை ஒருமுறை கழற்றி வயரைப் பார்த்துவிட்டு அப்புறம் சேலத்துக்குக் கிளம்புங்கள்.