பள்ளிக் குடிநீருக்கு ஒரு கருத்துரு எழுதுவது எப்படி?

கேள்வி: பென்னாகரம் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். பள்ளியில் 118 பிள்ளைகள் படிக்கிறார்கள். பலருக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை இருக்கிறது. தண்ணீரில் உள்ள புளோரைடுதான் காரணம் என்கிறார்கள். ஆர்.ஓ. இயந்திரம் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மூன்று திங்கட்கிழமைகள் மனு கொடுத்தோம். அண்மையில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டபோது, ஆய்வு அடிப்படையில் கருத்துரு (திட்ட முன்மொழிவு) எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். இதை நாங்களே எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்களே எழுதலாம். எந்தக் குழாயில் எந்த நேரத்தில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று அறிந்தவர்கள் எழுதும்போதுதான் இத்தகைய கருத்துரு உருப்படியாக அமைகிறது. ஆனால் எழுத உட்காரும் முன், 'ஆர்.ஓ. இயந்திரம்' என்ற சொல்லைச் சில வாரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். மனுவில் குறையைச் சொல்லி, வேண்டியதைக் கேட்டால் போதும். கருத்துருவைப் படிப்பவரோ, இந்தக் குறை இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும், அது எதனால் வருகிறது, நீங்கள் சொல்லும் வேலையைச் செய்தபின் அது தீர்ந்ததா இல்லையா என்று எதைக் கொண்டு அறிவீர்கள் என்று கேட்பார். இந்த மூன்றுக்கும் விடை தேடுவதுதான் அவர்கள் சொன்ன 'ஆய்வு'. இயந்திரமா, குழாயா, தொட்டியா என்பது அந்த விடைகளுக்குப் பிறகு வர வேண்டிய முடிவு.

பல் கறையை முதல் சான்றாக வைக்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பல ஆண்டுகளுக்கு முன் காரிமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றுக்காக நான் எழுதிய முதல் கருத்துருவில், எத்தனை பிள்ளைகளுக்குக் கறை என்று வகுப்பு வாரியாகப் பட்டியல் போட்டிருந்தேன். அதைப் புரட்டிப் பார்த்த பொறியாளர் ஒருவர், "இந்தப் பையனுக்கு வயது பன்னிரண்டு, இவன் பல்லைக் கெடுத்தது மூன்று வயதில் குடித்த தண்ணீர். இன்று குழாயில் வருகிற தண்ணீரைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் ஒரு தாளும் இல்லை.

அவர் கேட்டது சரிதான். நிரந்தரப் பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், உடலில் சேரும் மிகையான புளோரைடுதான் பல்லில் கறையாகத் தெரிகிறது. முன்பற்களைப் பொறுத்தவரை, பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே பள்ளித் தண்ணீரை மாற்றினால் இப்போதுள்ள கறை மறையும் என்று எழுதிவிடாதீர்கள், அது பொய்யாகும். பள்ளித் தண்ணீர் காப்பது பின்னால் முளைக்கும் பற்களையும், வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பையும். பல்லுக்காகவே பணம் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் கருத்துருவில் அங்கன்வாடியும் இருந்தாக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுங்கள் என்பது என் கருத்து.

இனி தண்ணீருக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு) புளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவையும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் என்ற உச்ச அளவையும் வைத்திருக்கிறது. உங்கள் ஊர் எண் இந்த இரண்டில் எதைத் தாண்டுகிறது என்பதுதான் கருத்துருவின் முதுகெலும்பு. இந்த எண்ணை நாக்கால் அறிய முடியாது. புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. உப்புத் தண்ணீரில் அது குறைவாகவும், வாய்க்கு இனிக்கும் தண்ணீரில் அதிகமாகவும் இருக்கலாம். காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களின் அடியில் இருக்கும் பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து கரைந்து வருவதால், ஒரே தெருவில் அடுத்தடுத்து உள்ள இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில்கூட அளவு வேறுபடும். எனவே வட்டாரத்துக்கான சராசரியை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால், அது உங்கள் கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மாதிரி எடுக்க ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி போதும். புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும் என்பதால் கண்ணாடிப் புட்டி வேண்டாம். கைப்பம்பாக இருந்தால் குழாயில் தேங்கிய நீர் வெளியேறும் வரை சில நிமிடம் அடித்துவிட்டு, அதே தண்ணீரால் புட்டியை மூன்று முறை அலசி, பிறகு நிரப்புங்கள். மூடியவுடன், அங்கேயே நின்று, புட்டியின் மேல் எழுதுங்கள்: எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி, கிணற்றின் ஆழம் எத்தனை அடி, எடுத்தவர் யார். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எது எந்தப் புட்டி என்ற குழப்பம் கட்டாயம் வரும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் பரிசோதித்துக்கொள்ளலாம். வீடுகளுக்குக் குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு, ஊரிலேயே தண்ணீரைச் சோதிக்கும் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பெட்டியில் தெரியும் நிறம் உங்களுக்கு வழிகாட்டும். கருத்துருவில் இணைக்க ஆய்வக அறிக்கையே வேண்டும்.

எங்கெங்கே எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில், ஜப்பானியக் கடனுதவியோடு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்தப் புளோரைடு சிக்கலுக்காகவே வந்தது. அந்தக் காவிரித் தண்ணீர் உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு வருகிறதா, வந்தால் அது உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரோடு ஒரே தொட்டியில் கலக்கப்படுகிறதா என்பதை முதலில் பாருங்கள். இதைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் தொட்டி ஆபரேட்டர் ஒருவர்தான். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்களைப் போல அவரிடம் போகாமல், ஒரு வாரம் அவரோடு சேர்ந்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: ஆற்றுத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, பள்ளிப் பக்கத்து வால்வு எப்போது திறக்கப்பட்டது. அதே வாரத்தில் ஆழ்துளைக் கிணறு, ஆற்று நீர் தொட்டிக்குள் விழும் குழாய்முனை, பள்ளிக் குழாய் ஆகிய மூன்று இடங்களிலும் மாதிரி எடுங்கள். கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் எடுத்தால், 'அது வறட்சிக் காலம்' என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை. கிணற்று நீரில் 2.8, ஆற்று நீரில் 0.4 மில்லிகிராம் இருந்து, இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் பள்ளிக் குழாயில் 1.6 வரும், இது உச்ச அளவையும் தாண்டுகிறது. அதே தொட்டியில் கிணற்று நீர் கால்பங்காகக் குறைந்தால் 1.0 ஆகிவிடும். உங்கள் ஊரில் நிலைமை இப்படி என்றால், பள்ளிக்குத் தேவை இயந்திரம் அல்ல. கலப்பதற்கு முன்பே ஆற்று நீரைப் பிரித்து எடுக்கும் ஒரு தனிக் குழாயும் ஒரு சிறு தொட்டியும்தான். 118 பிள்ளைகளுக்கு, குடிக்கவும் காலை உணவும் சத்துணவும் சமைக்கவும் ஆளுக்கு 3 லிட்டர் என்று வைத்தாலும் நாளுக்கு 354 லிட்டர். 500 லிட்டர்த் தொட்டி போதும். மாறாக, ஆற்று நீர் வாரக்கணக்கில் வருவதே இல்லை என்று நோட்டு காட்டினால், அப்போது சுத்திகரிப்பைப் பற்றிப் பேசலாம்.

ஆர்.ஓ. மீது எனக்குப் பகை இல்லை. அது புளோரைடை நன்றாகவே நீக்கும். ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியே தள்ளும். அந்தக் கழிவில் புளோரைடு இன்னும் செறிவாக இருக்கும். தண்ணீரை வடிகட்டும் சவ்வை மாற்ற ஆண்டுதோறும் செலவு உண்டு. திறப்பு விழாப் படத்தோடு மூலையில் துருப்பிடித்து நிற்கும் இயந்திரங்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். நிதி தருபவர்களும் பார்த்திருப்பார்கள் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

பழைய பதிவுகளையும் தேடுங்கள். ஊராட்சிக் குடிநீர் ஆதாரங்களின் முந்தைய பரிசோதனை முடிவுகளைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால், 30 நாளில் பதில் தர வேண்டும். 'தண்ணீர் ஏன் மோசம்?' என்று கேட்காதீர்கள்; 'இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை எடுக்கப்பட்ட ஆய்வக அறிக்கைகளின் நகல்' என்று கேளுங்கள். காரணம் கேட்டால் விளக்கம்தான் வரும், நகல் வராது.

இவ்வளவும் கைக்கு வந்தபின் எழுதுவது எளிது. நான்கு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். 'எங்கள் பகுதி மிகவும் பின்தங்கிய பகுதி, பிள்ளைகள் பெரும் அவதிப்படுகிறார்கள்' என்ற தொடக்கத்தை, நிதி தருபவர்கள் தங்கள் மேசைக்கு வரும் எல்லாத் தாள்களிலும் படித்திருப்பார்கள். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: 'எங்கள் பள்ளிக் குழாய்த் தண்ணீரில் மே மாதம் இவ்வளவு, டிசம்பரில் இவ்வளவு புளோரைடு இருந்தது; ஏற்கத்தக்க அளவு 1. அதே நாள்களில் தொட்டிக்கு வரும் காவிரி நீரில் இவ்வளவே இருந்தது. இரண்டும் தொட்டியில் கலப்பதே காரணம் என்பது இணைப்பில் உள்ள ஏழு நாள் பதிவிலிருந்து தெரிகிறது.' நான்கு வரிகளுக்குள் எண், காரணம், சான்று மூன்றும் வந்துவிட்டன. தொடர்ந்து, செய்ய வேண்டிய வேலையையும், அதை விட்டு வேறு எவற்றை எண்ணிப் பார்த்து ஏன் தள்ளினீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது பகுதியைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. எழுதினால் உங்கள் மேல் நம்பிக்கை பிறக்கும். செலவுக்கு இரண்டு கடைகளின் விலைப்புள்ளிகளை இணைத்து, பராமரிப்புச் செலவைத் தனி வரியாகக் காட்டி, அதை யார் தருவார்கள் என்றும் சொல்லுங்கள். வேலை முடிந்த மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அதே பள்ளிக் குழாயில் மாதிரி எடுத்து அறிக்கை அனுப்புவோம் என்று உறுதி கொடுங்கள்.

அறியாததை அறியாததாகவே எழுதலாம். பிள்ளைகள் வீட்டில் குடிக்கும் தண்ணீரை நீங்கள் அளக்கவில்லை என்றால் அதை ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். பல் கணக்கெடுப்பைச் சேர்ப்பதானால் பல் மருத்துவர் ஒருவர் பார்த்ததாகவும், பெற்றோரின் சம்மதத்தோடும், பெயர் இன்றி வயது வாரியான எண்ணிக்கையாகவும் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லி எடுத்த முகப் படங்கள் வேண்டவே வேண்டாம். நாளை திருமணப் பேச்சில் வந்து நிற்பது அந்தப் படமாக இருக்கலாம்.

நிறுவனத்துக்கு நீங்கள் தயங்கித் தயங்கிப் போக வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில், சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடத்தக்க பணிகளின் அட்டவணையில் பாதுகாப்பான குடிநீர் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. அந்த வரியை உங்கள் முகப்புக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலை இணையுங்கள். பொதுத் தொட்டியிலிருந்து குழாய் பிரிப்பதற்கு ஊராட்சியின் சம்மதம் தேவைப்படும் என்பதால் கிராம சபைத் தீர்மானமும் வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபை இதற்குப் பொருத்தமானது. அது தவறினால் மே 1 இருக்கிறது. கூட்டத்துக்கு முந்தைய நாளே நோட்டையும் ஆய்வக அறிக்கையையும் தொட்டி ஆபரேட்டரிடம் காட்டிவிடுங்கள். சபையில் எழும் முதல் கேள்வி அவரை நோக்கித்தான் வரும்.