ஒரே இதயத்துக்கு ஏன் இத்தனை விதமான படங்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. போன மாதம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வேலூரில் இதய எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முக்கால் மணி நேரம் படுக்க வைத்து, மூச்சைப் பிடி, விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். ரிப்போர்ட்டில் எஸ்.எஸ்.எஃப்.பி., ஸ்டிர், எல்.ஜி.இ. என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. இதில் எது சிறந்தது? அதை மட்டும் எடுத்தால் போதாதா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: போதாது. மெஷின் ஒன்றுதான், ஆனால் ரேடியோ அலைத் துடிப்புகளை எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்து படத்தில் தெரிகிற விஷயமே மாறிவிடும்.

இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று பார்க்க எஸ்.எஸ்.எஃப்.பி.யை மிஞ்ச ஆளில்லை. ரத்தம் பளிச்சென்று வெள்ளையாக, தசை கருமையாக, நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும். பம்பிங் சதவீதத்தை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே இருக்கும் ரத்தத்தில் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பதை, இதை வைத்துத்தான் அளக்கிறார்கள். காந்தப்புலம் கொஞ்சம் சீரில்லை என்றாலும் படத்தில் கருப்புப் பட்டைகள் விழும், காந்தசக்தி அதிகமான 3 டெஸ்லா மெஷினில் இந்தத் தொல்லை அதிகம். பேஸ்மேக்கரின் உலோகமும் காந்தப்புலத்தைக் குலைக்கும், அதை வைத்தவர்களுக்குப் பழைய கிரேடியண்ட் எக்கோ முறைக்குப் போவது இதனால்தான். அதில் எல்லை மங்கல், ஆனால் படம் அவ்வளவாகக் கெடாது.

ஸ்டிர் என்பது தசையில் நீர் கோத்திருக்கிறதா என்று காட்டுவது, நீர் கோத்த இடம் வெள்ளையாகத் தெரியும். மெதுவாக ஓடும் ரத்தமும் உள்சுவரை ஒட்டி வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு சொல்ல மாட்டார்கள்.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை முக்கியமானது எல்.ஜி.இ.தான். காடோலினியம் என்ற, படத்தில் வித்தியாசம் காட்டும் மருந்தை ஊசியில் போட்டு 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து எடுப்பது. செத்துப்போன தசையில், அதாவது தழும்பில், மருந்து தங்கிவிடும், நல்ல தசையிலிருந்து வெளியேறிவிடும். அப்புறம் ஒரு ரேடியோ அலைத் துடிப்பை அனுப்பி, நல்ல தசையின் சிக்னல் சரியாகப் பூஜ்யத்தைத் தொடும் நொடியில் படம் பிடிக்க வேண்டும், அப்போதுதான் நல்ல தசை கருப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் பிரியும். அந்த நேரம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கும் மருந்து வெளியேற வெளியேற மாறும். தவறினால் நல்ல தசை சாம்பல் நிறமாகித் தழும்பின் அளவு தெளிவில்லாமல் போகும். பி.எஸ்.ஐ.ஆர். என்ற முறை இந்தத் தவறைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும், அந்த வசதி இருந்தால் அதுவே மேல்.

டாக்டரிடம் ஒரு கேள்வி அவசியம் கேளுங்கள்: தழும்பு சுவரின் கனத்தில் பாதிக்குள் இருக்கிறதா, தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் அந்த இடம் பழையபடி சுருங்கும் வாய்ப்பு குறைவு.

மூச்சு விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொல்வார்கள், அப்போதுதான் இதயம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு படம் என்பதே ஈ.சி.ஜி.யைப் பார்த்துப் பல இதயத் துடிப்புகளிலிருந்து சேர்த்தெடுப்பது, அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலும் கலங்கிவிடும். அடுத்த முறை அப்பாவுக்கு மூச்சுப் பிடிக்க முடியவில்லை என்றால் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தெளிவு கொஞ்சம் குறைந்தாலும் பல துடிப்புகளைச் சேர்க்காமல் அப்படியே ஓட ஓடப் பிடிக்கும் ரியல் டைம் முறையில் எடுப்பார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் காடோலினியம் போடுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.