பழைய ஹாலிவுட்டின் மேடைப்பின்னணி இசைப்படங்கள் இன்றும் ஈர்ப்பது ஏன்?

இசை நாடகம் ஒன்று அரங்கேறும் வரை ஒத்திகைக் கூடத்திலும் ஒப்பனை அறையிலும் நடப்பதையே கதையாக்கிய அந்தப் படங்களில், ஆடுவதும் பாடுவதும் பிழைப்பு. என்னை அவற்றின்பால் இழுப்பது இதுதான். கதாபாத்திரம் திடீரென்று பாடத் தொடங்குவதற்கு அங்கே தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. பாடினால்தான் அந்த வாரக் கூலி கைக்கு வரும்.

1933-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' இதற்குச் சிறந்த சான்று. பங்குச் சந்தைச் சரிவில் பணத்தை இழந்து உடல்நலமும் குன்றிய நாடக இயக்குநர் ஜூலியன் மார்ஷ் என்ற கதாபாத்திரம், ஐந்து வார ஒத்திகையில் நடனப் பெண்களை ஈவிரக்கமின்றி வாட்டுகிறது. கதாநாயகியின் கணுக்கால் முறிந்ததும், கூட்டத்தில் ஒருத்தியாக நின்ற புதுப்பெண் மேடையேறி வெற்றி பெறுகிறாள். பலரும் நினைவில் வைத்திருப்பது அவளைத்தான். ஆனால் நாடகம் முடிந்து வெளியேறும் மக்கள், அந்தப் பெண்ணின் திறமையால் வந்த வெற்றிக்கு மார்ஷ் பெயர் வாங்கிக்கொள்வார் என்று பேசிச் செல்ல, அவர் களைத்துப்போய் அரங்கின் வெளிப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெற்றிக்கதை ஒன்றை இப்படி முடிக்கத் துணிந்ததற்காகவே அந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

அதே ஆண்டு வந்த 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933', காசு கொழிப்பதைக் கொண்டாடும் பாட்டோடு தொடங்குகிறது. பாட்டு முடிவதற்குள் கடன் பாக்கிக்காக ஆட்கள் உள்ளே புகுந்து மேடைப் பொருள்களையும் உடைகளையும் பறிமுதல் செய்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்த காலம் அது. அப்போது அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு, 'நாடகம் நின்றுவிட்டது' என்ற வசனம் தங்கள் தொழிற்சாலை மூடப்பட்ட செய்தியைப் போலவே ஒலித்திருக்கும் என்று நினைக்கிறேன். படத்தின் இறுதிப் பாடலோ, முதல் உலகப் போரில் போரிட்டுத் திரும்பி, இலவச உணவுக்கு வரிசையில் நிற்கும் வீரர்களைப் பற்றியது. போனஸ் கேட்டு வாஷிங்டனில் திரண்ட முன்னாள் வீரர்களை 1932-இல் ராணுவமே விரட்டியடித்திருந்தது என்பதை அறிந்து பார்த்தால், கேளிக்கைப் படம் ஒன்று அந்தப் பாடலோடு முடிந்ததன் துணிச்சல் விளங்கும்.

இந்த இரு படங்களுக்கும் நடனம் அமைத்தவர் பஸ்பி பெர்க்லி. போர்க்காலத்தில் ராணுவ அணிவகுப்புகளுக்குப் பயிற்சி அளித்த அனுபவம் அவருக்கு இருந்தது. உச்சியிலிருந்து கேமரா பார்க்க, பல பெண்கள் சேர்ந்து இதழ் விரிக்கும் பூவாக மாறும் காட்சிகள் அவருடைய முத்திரை. கதைப்படி அது மேடை நிகழ்ச்சிதான் என்றாலும், எந்த நாடக அரங்கிலும் எந்த இருக்கையிலிருந்தும் அக்காட்சியைக் காண இயலாது. அந்த மீறலை நான் குறையாகக் கருதவில்லை. அதுவரை காட்டிய புழுக்கமான ஒத்திகைக் கூடத்துக்குப் பின் அந்த விரிவு பெரிய விடுதலையாகவே இருக்கிறது.

பிற்காலப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1953-இல் வின்சென்ட் மினெல்லி இயக்கிய 'தி பேண்ட் வேகன்'. நாடகம் படுதோல்வி அடைந்த இரவில், ஃப்ரெட் அஸ்டேர் ஏற்ற மூத்த நடிகர் விருந்துக் கூடத்துக்குப் போகிறார், அங்கே யாருமில்லை. இளம் கலைஞர்களோ தங்கள் அறையில் கூடிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். தோல்வியைப் பகிர்ந்துகொள்ளும் தோழமையை இவ்வளவு இயல்பாகக் காட்டிய காட்சிகள் குறைவு.

புதிதாகப் பார்க்க விரும்புவோர் 1933-ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டையும் முதலில் பார்த்துவிட்டு இதற்கு வருவது நல்லது.