எல்லாருமே சுயநலக்காரர்கள்தானா?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்காரர். மழையில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து படுக்கையில் இருக்கிறார். அவருடைய தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப என் நகையை அடகு வைத்துக் கொடுத்தோம். இன்னும் மீட்டுத் தரவில்லை. அண்ணன் விழுந்தது தெரிந்தும் ஒரு போன்கூட இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் விடியுமுன் நெற்றியில் லைட்டை மாட்டிக்கொண்டு எங்கள் ரப்பர் மரங்களிலும் சேர்த்துப் பால் வெட்டுகிறார். சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து ரப்பர் ஷீட்டும் அடித்துத் தருகிறார். கூலி வாங்குவதில்லை. 'இவருக்கு உள்ளே என்ன கணக்கோ' என்றே மனசு ஓடுகிறது. ராத்திரி தூக்கமும் இல்லை. மனுஷ ஜென்மமே சுயநலம்தானே? ஏழாவது படிக்கும் மகளிடம் "யாரையும் நம்பாதே மக்களே" என்று சொல்லி வளர்க்கட்டுமா?

ஒரு சகோதரி, கன்னியாகுமரி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தும் ஒரு விசாரிப்புகூட இல்லை என்றால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது கொழுந்தனோடு நிற்காமல் பக்கத்து வீட்டு அண்ணன்மேலும் பாய்கிறதே, அதுதான் எனக்குக் கவலை.

இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. 2016-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் ஆயிரம் பேரிடம் கேட்டார்கள். பணம், அந்தஸ்தைவிட அன்பும் உதவியும் நியாயமும்தான் தங்களுக்குப் பெரிது என்றவர்கள் நூற்றுக்கு 74 பேர். அதே கூட்டத்தில், மற்றவர்களை உள்ளதைவிடச் சுயநலக்காரர்களாக நினைத்தவர்கள் நூற்றுக்கு 77 பேர்! அப்படி நினைப்பவர்கள் ஊர்க் காரியங்களில் இருந்தும் ஒதுங்கிப் போகிறார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. நம் மாவட்டத்தையே பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு, காணாமல் போனவர்களைத் தேடி தூத்தூர் பக்கத்து மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே கடலுக்குப் போனார்கள்.

சுயநலமே இல்லாத மனுஷர் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் 'நாளைக்கு எனக்கு ஒன்றென்றால் இவங்க வருவாங்க' என்ற எண்ணம் இருக்கலாம். இருந்தால் என்ன? அந்த நம்பிக்கையில்தான் அக்கம்பக்கம் என்ற ஒன்றே நடக்கிறது. இருட்டோடு எழுந்து இன்னொருவர் மரத்தையும் வெட்டுவது லேசான வேலை இல்லை என்று உங்களுக்கே தெரியும். 'ஏன் செய்கிறார்' என்று தோண்டாமல், வீட்டுக்காரர் எழுந்து நடக்கும்வரை இது நடக்குமா, ஷீட் விற்ற காசில் அவருக்கு ஒரு பங்கு வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

நகை விஷயம் தனி. அடகுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். குடும்பத்துப் பெரியவர் ஒருவரை வைத்துக் கொழுந்தனோடு பேசி, மாதம் எவ்வளவு அனுப்புவார் என்று எழுத்தில் வாங்குங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

மகளிடம் "நம்பாதே" வேண்டாம். சித்தப்பா செய்தது தப்பு என்றும் சொல்லுங்கள், விடியற்காலையில் வருகிற மாமாவையும் காட்டுங்கள். அவளே ஆளைப் பார்த்து எடைபோடப் பழகட்டும்.

தூக்கமின்மை நீடித்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். போக முடியாத நாளில் 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.