பதில்: வரிசையில் வாங்கிய கையெழுத்து போதுமா?

வணக்கம். நிவாரண வரிசையில் நின்ற அம்மாவிடம் கையெழுத்து வாங்கி எடுத்த சிறுமியின் படத்தை, பெயரோடும் முகாமின் பெயரோடும் நன்கொடை விளம்பரத்தில் போடச் சொல்கிறார்கள், எப்படி மறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், அது சம்மதமே இல்லை. உதவிக்காகக் காத்து நிற்பவர், அந்த உதவியைத் தரும் நிறுவனத்தின் சட்டை போட்ட ஆளிடம் எப்படி 'வேண்டாம்' என்று சொல்வார்? களப்பணியாளர் ஒருவரை மறுபடி அனுப்புங்கள். விநியோகம் இல்லாத நேரத்தில், அந்த அம்மாவின் மொழியில் பேசட்டும். உங்கள் பழைய விளம்பரம் ஒன்றை போனில் காட்டி, 'இப்படித்தான் வரும், யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள்' என்று விளக்கட்டும். மறுத்தாலும் உதவி நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுமியிடமும் கேட்கத்தான் வேண்டும்.

மேலிடத்தில் பேச உங்களுக்கு வலுவான பிடி உண்டு. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-ல் கொண்டுவந்த நடத்தை விதிகளில் பத்தாவதைப் பாருங்கள். விளம்பரங்களில் பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருளாக அல்ல, கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது அது. உங்கள் நிறுவனம் அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மா சம்மதித்தாலும் உண்மைப் பெயரும் முகாமின் பெயரும் வேண்டாம். மோதலுக்குத் தப்பி வந்த குடும்பமென்றால் தேடி வர ஆள் இருக்கலாம். படக் கோப்பில், எடுத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஜிபிஎஸ் குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம், பலர் மறந்துவிடுவார்கள். அதை அழித்த பிறகே ஏற்றுங்கள்.

கெடு நெருங்கினால், தானே பேச முன்வரும் பெரியவர் ஒருவரின் படத்தைக் களத்திலிருந்து கேட்டு வாங்குங்கள்.