சிம்ஸ் விளையாட்டில் அப்பத்தாவுக்கு வயதாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தங்கை பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். அண்ணன் துபாய் போகும்போது விட்டுச் சென்ற பழைய லேப்டாப்பில் சிம்ஸ் 4 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடுகிறாள். எங்கள் குடும்பத்தையே அதில் உருவாக்கி வைத்திருக்கிறாள். போன வருடம் தவறிப்போன அப்பத்தாவும் அதில் உண்டு. போன வாரம் விளையாட்டிலும் அப்பத்தா இறந்துவிட்டார். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. வயதாவதை நிறுத்த வழி இருக்கிறதா? லேப்டாப் வேறு ரொம்பச் சூடாகிறது. கரண்ட் போனால் விளையாடியதெல்லாம் போய்விடுகிறது. நெட் செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான்."

வழி இருக்கிறது. ஆனால் செட்டிங்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. கீழே சொல்லும் மீட்பு வேலை முடியும்வரை தங்கை அந்தக் குடும்பத்தைச் சேவ் செய்ய வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணம் இதுதான். சிம்ஸ் 4 ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் பழைய சேவ் ஃபைலை உடனே அழிப்பதில்லை. கடைசி ஐந்து சேவ்களைத் தனியாக வைத்திருக்கும். ஆறாவது வரும்போதுதான் எல்லாவற்றிலும் பழையது போகும். அப்பத்தா இறந்த பிறகு ஐந்து முறைக்குக் குறைவாகச் சேவ் செய்திருந்தால், அவர் உயிரோடு இருந்த நாள் இன்னும் அந்த லேப்டாப்பிலேயே இருக்கிறது.

முதலில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4, அதற்குள் சேவ்ஸ் என்று இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். அப்புறம் விளையாட்டைத் திறந்து லோட் கேம் பக்கத்துக்குப் போய், அந்தக் குடும்பத்தின் சேவ் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ரெக்கவர் சேவ் என்பதை அழுத்துங்கள். பழைய சேவ்கள் தேதி, நேரத்தோடு வரிசையாக வரும். அப்பத்தா இருந்த நாளைப் பார்த்துத் திறந்து, சேவ் ஆஸ் மூலம் புதுப் பெயரில் சேமித்துவிடுங்கள்.

ஐந்தும் தாண்டிப் போயிருந்தால் நேரம் பிடிக்கும் வழி ஒன்று உண்டு. அவருடைய கல்லறையோ அஸ்திக் கலசமோ வீட்டில் இருந்தால் இரவில் ஆவியாக வருவார், பேசலாம். அம்ப்ரோசியா என்ற பண்டத்தைச் சமைத்துக் கொடுத்தால் மீண்டும் உயிரோடு எழுவார். அதைச் சமைக்க கோர்மே குக்கிங் திறன் பத்தாவது நிலைக்கு வர வேண்டும். ஏஞ்சல்ஃபிஷ், டெத் ஃபிளவர், இளமை தரும் போஷன் மூன்றும் வேண்டும். பிடிவாதமும் பொறுமையும் உள்ள பெண் என்றால் செய்துவிடுவாள்.

இனி வயது விஷயம். விளையாட்டில் தமிழ் கிடையாது, எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதனால் திரையில் தெரியும் பெயர்களையே சொல்கிறேன். எஸ்கேப் அழுத்தினால் கேம் ஆப்ஷன்ஸ், அதில் கேம்பிளே. அங்கே ஆட்டோ ஏஜ் என்று இரண்டு இடத்தில் இருக்கும். முதலாவது நீங்கள் விளையாடும் குடும்பங்களுக்கு. அதில் மூன்று தேர்வு உண்டு: எல்லோருக்கும் வயதாகட்டும், யாருக்கும் வேண்டாம், இப்போது திறந்திருக்கும் குடும்பத்துக்கு மட்டும். உங்கள் தங்கைக்கு வேண்டியது 'நோ'. இரண்டாவது, விளையாடாத ஊர்க்காரர்களுக்கு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இதை மறந்தால் அப்பத்தா அப்படியே இருப்பார், அவருடைய அண்டை வீட்டுத் தோழி கிழவியாகிச் செத்துப்போவார். பலர் முதலாவதை மாற்றிவிட்டு, இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

கீழேயே லைஃப்ஸ்பேன் என்று ஆயுள் நீளத்தைக் கூட்டுவதற்கும் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக விளையாடுபவர்களுக்கு அது நல்லது. இந்தத் தங்கைக்கு அது போதாது என்றே நினைக்கிறேன். ஆயுளைக் கூட்டினால் அந்த நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். முழுதாக நிறுத்துவதுதான் அவளுக்குப் பொருத்தம். குழந்தைகள் வளர வேண்டும் என்றால், வயது நின்றிருந்தாலும் ஒரு கேக் செய்து அதில் மெழுகுவத்தி வைத்து ஊதச் சொன்னால் போதும், அந்தக் குழந்தை மட்டும் அடுத்த பருவத்துக்குப் போகும். யார் எப்போது வளர வேண்டும் என்பது அவள் கையில்.

வயதை நிறுத்தினால் சாவே வராது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அடுப்பில் தீப்பிடித்தாலும், பசியில் விட்டாலும், நீச்சல் குளத்தில் களைத்துப்போனாலும் சாவு வரும். முதியவர்கள் அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்து களைத்தாலும் இறந்துபோவார்கள். அப்பத்தாவை டிரெட்மில் பக்கம் விடாமல் இருக்கச் சொல்லுங்கள். எதற்கும் அந்தக் குடும்பத்தை விளையாட்டிலேயே இருக்கும் மை லைப்ரரியில் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. ஆட்களும் அவர்களுக்குள் இருக்கும் உறவும் அதில் இருக்கும். வெளி ஆட்களோடு இருக்கும் பழக்கம் மட்டும் வராது.

மேனேஜ் ஹவுஸ்ஹோல்ட்ஸ் பக்கத்தில் நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ் என்று இன்னொன்று இருக்கிறது. நீங்கள் பார்க்காத குடும்பங்களில் விளையாட்டே வேலையை மாற்றும், குழந்தை பிறக்க வைக்கும், வீடு மாற்றும். சொந்தக்காரர்களைத் தனித்தனி வீடுகளில் வைத்திருந்தால் அந்த வீடுகளுக்கு இதை அணைத்துவிடுங்கள். சித்தப்பா வீடு காலியாகக் கிடக்கும் அதிர்ச்சி வேண்டாம்.

லேப்டாப் சூடு. மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் கடும் வெயிலும் நம் கடற்கரையில் ஒன்றாகத்தான் வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கரையில், எல்லோரும் வீட்டில், லேப்டாப்புக்கும் ஓய்வு இருக்காது. கிராஃபிக்ஸ் பக்கத்தில் ஃபிரேம் ரேட் லிமிட் (ஒரு நொடியில் திரையில் எத்தனை படம் மாறலாம் என்ற வரம்பு) என்பதை 30-க்குக் கொண்டுவாருங்கள். சூட்டைக் குறைக்க இதைப்போல உதவும் செட்டிங் வேறில்லை. இது நிதானமாக விளையாடும் விளையாட்டு, 30 தாராளம். பிறகு லேப்டாப் மோட் டிக் செய்யுங்கள். ரிஃப்ளெக்ஷன்ஸை அணையுங்கள், லைட்டிங்கைக் குறையுங்கள், அன்கம்ப்ரஸ்டு சிம் டெக்ஸ்சர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆட்களின் முகம் தெரிய வேண்டும் என்பதுதானே அவளுக்கு முக்கியம், அதனால் ஆட்களின் தெளிவைக் காட்டும் சிம் டீடெய்லை மட்டும் நடுத்தரமாகவே வைக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து அடுத்ததற்குப் போங்கள். அப்போதுதான் எது உதவியது என்று தெரியும்.

இதற்குப் பிறகும் கொதித்தால் குறை விளையாட்டில் இல்லை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து லேப்டாப்பைத் திறந்தால் ஃபேன் வழியில் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து கட்டியாக அப்பியிருக்கும், செம்புப் பகுதி பச்சை பூத்திருக்கும். கடைக்காரரிடம் கொடுத்து ஃபேனைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் கடற்காற்று நேராக அடிக்கும் ஜன்னலோரம் வேண்டாம். மெத்தையிலும் தலையணையிலும் வைக்கக் கூடாது. அடியில் காற்று போகிற மாதிரி பலகையின் மேல் வைத்தால் போதும்.

கரண்ட் போனவுடன் அணைகிறது என்றால் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். புது பேட்டரி வாங்கும்வரை, விளையாட்டில் ஒவ்வொரு நாள் முடியும்போதும் ஒரு சேவ். அதையும் இரண்டு பெயரில் மாற்றி மாற்றிச் செய்யட்டும். சேமித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

நெட் செலவுக்கு: அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசம், மேலே சொன்ன எல்லாம் அதிலேயே உண்டு, எதையும் வாங்க வேண்டாம். விளையாட்டைத் திறக்க உதவும் ஈஏ ஆப்பின் (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஆப்) செட்டிங்ஸில் தானாக அப்டேட் ஆவதை அணையுங்கள், ஒரே அப்டேட்டில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். ஒருமுறை லாகின் செய்தபின் கோ ஆஃப்லைன் கொடுத்து நெட் இல்லாமலே விளையாடலாம். வைஃபை உள்ள வீட்டுக்குப் போகும்போது அப்டேட் போட்டுக்கொள்ளட்டும். புடவை, தாவணி என்று வெளியிலிருந்து இறக்கிச் சேர்த்திருந்தால், அப்டேட் ஆனபின் அவை காணாமல் போகும். பயப்பட வேண்டாம். கேம் ஆப்ஷன்ஸில் அதர் பக்கத்தில் கஸ்டம் கன்டென்ட் டிக்கை மறுபடி போட்டு, விளையாட்டை மூடித் திறந்தால் திரும்ப வந்துவிடும்.