சைவநெறி ரீச்சர் இல்லை, மகள் கிறிஸ்தவம் எழுதலாமா?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் சைவக் குடும்பம். மகள் டவுனில் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் தரம் 10 படிக்கிறாள். சைவநெறி ரீச்சர் இடமாற்றமாகிப் போய் நான்கு மாதம். பதிலுக்கு ஆள் வரவில்லை. அந்தப் பாடவேளையில் மகள் சிஸ்டர் எடுக்கும் சமய வகுப்பில் இருக்கிறாள். நல்லது கெட்டது பற்றி அங்கே நடக்கும் பேச்சு அவளுக்குப் பிடித்திருக்கிறது. ரியூசன் சேர் ஒருவர், “சாதாரண தரத்துக்குக் கிறிஸ்தவம் எடுக்கட்டும், பாடம் கொஞ்சம்தான், ஏ நிச்சயம், பாடம் மாற்றும் அலுவலையும் நானே முடித்துத் தருகிறேன்” என்று பணம் கேட்கிறார். மாற்றலாமா? பிள்ளை மதம் மாறிவிடுவாளா?

பதில்: அம்மா, முதல் வேலையாக அந்தச் சேருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பாடம் மாற்றுவதற்கு எந்தத் தரகரும் தேவையில்லை. பாடசாலைப் பரீட்சார்த்தியின் விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போகிறது. வெளியாள் அதில் செய்ய ஒன்றுமே இல்லை. “ஏ நிச்சயம்” என்பவரை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். அவர்கள் விற்பது பழைய வினாத்தாளைப் போட்டோக்கொப்பி அடித்த டியூட். பாடநூலை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் இறக்கிக்கொள்ளலாம்.

அந்தச் சேர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நம் பரீட்சையில் கிறிஸ்தவம் ஒரு பாடம், கத்தோலிக்க திருமறை வேறொரு பாடம். பாடநூல் வேறு, வினாத்தாள் வேறு. சிஸ்டர் எடுக்கும் வகுப்பு என்றால் அது பெரும்பாலும் திருமறை. ரியூசன் சேரோ ‘கிறிஸ்தவம்’ என்கிறார். திருமறையில் அருட்சாதனங்கள், திருப்பலி, திருச்சபையின் போதனை எல்லாம் வரும். மற்றது மெதடிஸ்த, அங்கிலிக்கன் முதலிய சபைப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. வேதாகம மொழிபெயர்ப்பே இரண்டு பக்கத்திலும் ஒன்றல்ல. கத்தோலிக்கர் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை வாசிக்கிறார்கள், மற்றச் சபைகள் பலவற்றில் இன்னும் பழைய மொழிபெயர்ப்புத்தான். இரண்டும் இயேசுவைப் பற்றியதுதானே என்று நினைத்து விண்ணப்பத்தில் பிழையான பாடத்தைப் போட்ட ஒரு பிள்ளை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் திருமறை படித்தவள் மண்டபத்தில் கிறிஸ்தவ வினாத்தாளைப் பார்த்து அழுதாள். அவள் கத்தோலிக்கப் பிள்ளை, அவளுக்கே அந்தக் கதி. உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள்.

மதம் மாறுமா என்றால், மாறாது. வினாத்தாள் எழுதுவது ஞானஸ்நானம் அல்ல. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தந்திருக்கிறது. காலைச் செபத்தில் மகள் மரியாதையாக நின்றால் போதும். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர், பிறகு இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். அவருடைய சமாதி உங்கள் கல்லடியில்தான் இருக்கிறது.

ஆனாலும் மாற்றாதீர்கள். சாதாரண தரச் சமயப் பாடத்துக்குத் தரம் 10, 11 இரண்டினதும் பாடத்திட்டம் வரும். மகள் தரம் 6 முதல் படித்த திருமுறையும் நாயன்மார் வரலாறும் பதி, பசு, பாசமும் அவளுக்குச் சேமிப்பு. அதைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க நேரம் இல்லை. உயர்தரத்துக்குப் போக 6 பாடச் சித்தி வேண்டும், அதில் 3 திறமைச் சித்தி. சமயம் அந்தக் கணக்கில் உறுதியாக நிற்கும் பாடம்.

சரி, ரீச்சருக்கு என்ன வழி? சிஸ்டர்மாரிடமோ ஆயர் இல்லத்திலோ போய் முறையிட்டுப் பயனில்லை. உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு நம் பழைய மிஷன் பாடசாலைகளில் அநேகமானவை அரசாங்கப் பாடசாலைகள். ஆசிரியரை அனுப்ப வேண்டியது கல்வி நிர்வாகம். பதில் ஆள் இல்லாமல் வருட நடுவில் இடமாற்றம் கொடுப்பதும், கேட்டால் “சமயம்தானே” என்பதும் எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். கணித ரீச்சர் போனால் இப்படி நான்கு மாதம் விடுவார்களா? பிள்ளைக்கு எது சரி, எது பிழை என்று யோசிக்கக் கிடைப்பது வாரத்தில் அந்த ஒருசில பாடவேளைகள்தான். அதையும் கணிதப் பயிற்சிக்குக் கொடுத்துவிடும் பாடசாலைகளைப் பார்த்திருக்கிறேன்.

அதிபருக்கு அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம் என்று போட்டு, பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரைத் தற்காலிக இணைப்பில் கேளுங்கள். மற்றச் சைவப் பெற்றோரும் கையெழுத்து வைக்கட்டும். பிரதி ஒன்றில் திகதியோடு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். சைவநெறி ஆசிரிய ஆலோசகரைக் கேட்டுச் சந்தியுங்கள். அதுவரைக்கும் கோயில் அறநெறிப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் விட்ட பாடங்களைச் சொல்லிக்கொடுப்பார், கேட்டுப் பாருங்கள்.

சிஸ்டரின் வகுப்பில் மகள் இருக்கட்டும், அந்தப் பேச்சு அவளைக் கெடுக்காது. மெய்யியல் என்று பாடசாலையில் தனிப் பாடம் இல்லை, ஆனால் உயர்தரக் கலைப்பிரிவில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் இருக்கிறது, இந்து நாகரிகம் இருக்கிறது. இப்படி யோசிக்கும் பிள்ளைக்கு இரண்டும் பொருந்தும்.

அப்புறம், அடுத்த வருடம் விண்ணப்பம் நிரப்பும்போது மகளோடு நீங்களும் போய், சமயப் பாடத்துக்கு நேரே ‘சைவநெறி’ என்று இருக்கிறதா என உங்கள் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.